பாசித் தண்ணீர்

இனாயத்துல்லா பாய்க்கு ஹிந்தி தெரியாது என்பது தாராவியில் எங்கள் சந்து முழுவதற்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷமாக அவர் அதை மறைத்துவந்தார், நாங்களும் அது மறைந்திருப்பதாகவே நடித்துக்கொண்டிருந்தோம். இதில் யார் நடிப்பு பிரமாதம் என்று கேட்டால் கூச்சமில்லாமல் எங்களைத்தான் சொல்வேன்.

என் பெயர் சொரிமுத்து. அவர் பட்டறைக்கு நேர் எதிர்க்கடை என்னுடையது. அவர் தோல் பெல்ட் தைக்கிறார், நான் பெல்ட்டுக்கான பக்கிள் விற்கிறேன். அவருக்கு ஊர் மேலப்பாளையம், எங்கள் பூர்வீகம் அங்கிருந்து ஒரு பஸ் தூரம். அவர் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் தமிழர்கள், டீக்கடைக்காரர் தமிழர், மருந்துக்கடைக்காரரும் தமிழர். மிச்சமிருக்கும் பம்பாயை அவர் மூன்றே சொற்களில் சமாளித்தார். ‘ஹான்’, ‘டீக் ஹை’, ‘ஹோ ஜாயேகா’. அதாவது ஆமாம், சரி, ஆகிவிடும். இந்த மூன்றையும் சரியான இடத்தில் போட்டால் எந்த வியாபாரியும் அரைமணி நேரம் உங்களோடு பேசிவிட்டுத் திருப்தியாகப் போவான்.

எனக்கு ஹிந்தி வராவிட்டால் ‘மதராசி’ என்று விட்டுவிடுவார்கள். பாய் நிலைமை அப்படி இல்லை. தொப்பியும் தாடியுமாக ஒருவர் நின்றால் எதிரில் இருப்பவன் உருதுவிலேயே பொழிவான். வந்த புதிதில் ஒருவர் அவரிடம், “மியான் ஹோகே உருது நஹி ஆத்தி?” என்று கேட்டுவிட்டார். முஸ்லிமாக இருந்துகொண்டு உருது வராதா என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அன்றைக்கு ஆட்ட ஆரம்பித்த தலையை அவர் பிறகு நிறுத்தவேயில்லை.

அவரிடம் ஒரு தந்திரமும் இருந்தது. யார் என்ன பேசினாலும் கடைசிச் சொல்லை மட்டும் கூர்ந்து கேட்பார். தமிழில் அப்படிக் கேட்டால் போதும். ஊற்று என்கிறானா, ஊற்றாதே என்கிறானா என்பது வாக்கியத்தின் வாலில் தெரிந்துவிடும். ஹிந்தியில் ‘கூடாது’ என்பது நடுவிலேயே ‘மத்’ என்று சின்னதாக வந்து போய்விடும். அந்தச் சொல்லை அவர் தினமும் கேட்டிருக்கிறார். நாம் பேச்சுக்கு நடுவே ‘வந்து’ என்று இழுப்போமே, அப்படி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பட்டறைக்கு மேலேதான் வீடு, இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். ஜூலை மாதம், நல்ல மழையில், அந்த ஏணியின் மூன்றாவது படியிலிருந்து மெஹராஜ் அக்கா வழுக்கி விழுந்தாள். பாயின் மனைவி, பெயரோடு ‘அக்கா’ சேர்த்துத்தான் நான் கூப்பிடுவேன். இடுப்பில் நல்ல அடி. சயானில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். படம் எடுத்து, மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் காலை பாய் என் கடை வாசலில் வந்து நின்றார். நான் ஒரு சரக்கு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“சொரிமுத்து, சும்மாதான இருக்க? டாக்டர்ட்ட ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்,” என்றார்.

எதற்குக் கூப்பிடுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவரால் அதைவிட வெளிப்படையாகக் கேட்க முடியாது என்பதும் தெரியும். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நான் எதுக்கு பாய்? உங்களுக்குத் தெரியாத ஹிந்தியா?” என்றேன்.

எங்கள் சந்தில் அது ஒரு கேலி. டீக்கடையில் யாராவது ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறையாவது அதைச் சொல்ல, மற்றவர்கள் கிளாசுக்குள் சிரிப்போம். பாயும் அன்றைக்குச் சிரித்துவிட்டு, “அதுவும் சரிதான்,” என்று போய்விட்டார். இன்றைக்கும் அந்த ‘அதுவும் சரிதான்’ என் காதில் இருக்கிறது.

டாக்டர் ஐந்து நிமிஷம் பேசினார். பாய் மூன்று ஹான் போட்டார். நாற்காலியில் சாய்ந்து கிடந்த அக்கா, “என்ன சொல்லுதாரு?” என்று கேட்டாள்.

“மூணு மாசம் படுத்தே கெடக்கணுமாம்,” என்றார் பாய்.

அக்கா அங்கேயே அழுதாள். வலிக்காக இல்லை. அவர்களுக்கு ஒரே பெண் சஃப்ரீன், கல்யாணமாகிச் சான்பாடாவில் இருக்கிறாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம் முடிந்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று பேச்சு. அக்கா தொட்டில் துணிகூடத் தைத்து வைத்திருந்தாள். மூன்று மாதம் என்றால் பிள்ளை பிறந்து இருபது நாளுக்கு மேல் ஆகிவிடும். படுத்துக்கிடக்கும் தாயிடம் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி அனுப்புவது? சான்பாடா சம்பந்தியம்மா போனில் தன்மையாகத்தான் சொன்னாள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று. அக்கா அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். குளிக்கவோ ஒதுங்கவோ மூலையிலிருக்கும் மோரிக்குப் போவதானால் மட்டும் பாய் தோளைப் பிடித்துக்கொண்டு எழுவாள். மற்றபடி எழுந்து உட்காரக்கூட அவர் விடவில்லை. டாக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் நடத்தினார், பாவம்.

சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்றுதான் மீன்தொட்டி வாங்கினார். குர்லாவில் ஒரு மீன் கடையிலிருந்து இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, குமிழி விடும் மோட்டார், ஆறு மீன்கள். நாலு தங்கமீன், இரண்டு கருப்பு மோலி. அக்கா கண் மட்டத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார். தங்கமீனில் ஒன்றுக்கு உடம்பு வெள்ளை, தலையில் மட்டும் சிவப்பு. அதற்கு அக்கா ‘தொப்பிக்காரி’ என்று பெயர் வைத்தாள். இரண்டு நாளில் அவள் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. பாய் கீழே வந்து, “இன்னிக்குத் தொப்பிக்காரி மோலியத் தொரத்துனாளாம்,” என்று எனக்குச் சொல்வார்.

எங்களுக்குக் குழாயில் தண்ணீர் விடியற்காலை இரண்டு மணி நேரம்தான். டிரம்மில் பிடித்து வைத்து நாள் முழுக்கப் புழங்குவோம். மீனுக்கு டிரம் தண்ணீர் ஆகாது என்று பாய் முடிவு செய்தார். தினமும் காலையில் தொட்டியை முழுதாகக் காலி செய்து, கல்லெல்லாம் தேய்த்துக் கழுவி, குழாயிலிருந்து நேராக, மருந்து நெடி அடிக்கும் புதுத் தண்ணீரை ரொப்புவார். தொட்டி பளபளவென்று இருந்தது.

எட்டாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. பத்தாம் நாள் தொப்பிக்காரியின் உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள். கண்ணாடியிலும் கல்லிலும் உடம்பை உரசிக்கொண்டே இருந்தது. அக்கா, “இதுக்கு என்னமோ சீக்கு. போய்க் கேட்டுட்டு வாங்க,” என்றாள்.

பாய் குர்லாவுக்குப் போனார். தனியாகத்தான். கடைக்காரன் கூட்டத்துக்கு நடுவே மளமளவென்று சொன்னான். “தாஜா பானி மத் டால்னா, சாச்சா. பாசி பானி டால்னா. தோடா நமக் பி. சமஜ் கயே?”

“ஹான்,” என்றார் பாய்.

புரிந்ததா என்று அவன் கேட்டதற்குத்தான் அந்த ஹான். ஆனால் அன்றைக்கு அவர் பொய்யாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே புரிந்தது என்று நினைத்தார். ‘நமக்’ உப்பு, தோல் வியாபாரத்தில் பழகிய சொல். ‘பானி’ தண்ணீர். ‘பாசி’ நம்ம ஊர்ப் பாசிதான், அதில் என்ன சந்தேகம்? ஹிந்திக்காரன் வாயிலிருந்து தமிழ்ச் சொல் வந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். திரும்பி வந்து என்னிடமே சொன்னார்: “மீனுக்குப் பாசித் தண்ணிதான் வேணுமாம் சொரிமுத்து. யோசிச்சா சரியாத்தான இருக்கு. கொளத்து மீனு சுத்தத் தண்ணியிலயா வளருது?”

எனக்கு பாசி என்றால் என்ன என்று தெரியும். நான் இங்கேயே பிறந்தவன். பாசி ரொட்டி, பாசி சோறு என்று தினமும் காதில் விழும் சொல். ஆனால் கடையில் ஆட்கள் நின்றார்கள்; அவர் சொன்னதை நான் பாதிதான் கேட்டேன். கேட்டிருந்தாலும் திருத்தியிருப்பேனா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். டீக்கடைக்கு ஒரு கதை கிடைத்தது என்று பேசாமல் இருந்திருப்பேன். அப்படிப்பட்ட ஆள்தான் நான்.

மறுநாள் காலை பாய் ஒரு பெயின்ட் வாளியை எடுத்துக்கொண்டு சயான் பக்கம் ஒரு குளத்துக்குப் போனார். காவல்காரர் ஏதோ அதட்டினார், அவருக்கும் ஒரு ஹான். படியில் உட்கார்ந்து, நல்ல பச்சையாகப் பார்த்து, பாசி இழையோடு மொண்டு வந்தார். பாதி வழி பஸ்ஸில், பாதி வழி நடை. வாளித் தண்ணீர் பைஜாமாவெல்லாம் சிந்தி, பச்சையாக வந்து சேர்ந்தார். மேலே போய்த் தொட்டியில் ஊற்றி, ஒரு பிடி கல்லுப்பும் போட்டு, “டாக்டர் சொன்னபடி நீ கேக்க, கடைக்காரன் சொன்னபடி அது கேக்கட்டும். ரெண்டு பேரும் எந்திரிச்சிருவீங்க,” என்று அக்காவிடம் சொன்னாராம்.

அடுத்த நாலு நாளில் ஐந்து மீன்கள் செத்தன. குளத்தில் என்னென்ன கிருமி இருந்ததோ, எல்லாம் வாளியில் ஏறி வந்துவிட்டன. வால் கரைந்து, செதிளில் பஞ்சு பூத்து, ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. தொப்பிக்காரி கடைசியில் போனாள். அக்கா பார்த்துக்கொண்டே இருக்கும்போது போனாள். மிஞ்சியது ஒரு கருப்பு மோலி.

அன்று மத்தியானம் சஃப்ரீன் போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டு, மீன் செத்த கதையைச் சொன்னாள். வாப்பா குளத்துக்கே போய்ப் பாசித் தண்ணி கொண்டுவந்து ஊற்றியும் பிழைக்கவில்லை என்றாள்.

“பாசித் தண்ணியா?” என்று சஃப்ரீன் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. “உம்மா, பாசின்னா பழசு உம்மா. ராத்திரியே பிடிச்சு வச்ச தண்ணிய ஊத்தச் சொல்லிருக்கான். குழாய்த் தண்ணில மருந்து இருக்கும்லா, அது போகணும்னு. நம்ம டிரம்முத் தண்ணியே போதுமே. வாப்பாவுக்கு இது கூடவா தெரியாது?”

அக்காவும் சிரித்தாள். மீன் செத்த துக்கத்திலும் சிரித்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாய் தொட்டி ஓரமாக நின்றிருந்தார்.

“தாஜா பானி டால்னான்னுதானம்மா அவன் சொன்னான்?” என்று கேட்டார்.

“டால்னான்னா சொன்னான்? மத் டால்னான்னு சொல்லிருப்பான் வாப்பா. மத்னா கூடாது. புதுத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு.”

பாய்க்குக் கடைக்காரன் குரல் ஞாபகம் வந்தது. நடுவே அந்தச் சின்னச் சொல் இருந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு குரல் ஞாபகம் வந்தது. டாக்டருடையது. அதிலும் அந்தச் சொல் இருந்தது.

மறுநாள் காலை டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சான்பாடாவுக்குப் போனார். மாத்திரை வாங்க மருந்துக்கடையில் ஒரு முறை நீட்டியதோடு சரி, அந்தக் காகிதத்தை வேறு யாரிடமும் அவர் காட்டியதில்லை. சஃப்ரீன் கதவைத் திறந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“இதுல மூணு நாள் ரெஸ்ட்டுன்னுதான் போட்டிருக்கு வாப்பா. அப்பறம் நடக்கணும். மூணு மாசம் வெயிட் தூக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

“லேட்டே ரஹ்னான்னு சொன்னாரும்மா. எங்காதால கேட்டேன்.”

“லேட்டே மத் ரஹ்னா,” என்றாள் சஃப்ரீன். “படுத்தே கெடக்காதீங்கன்னு சொல்லிருக்காரு.”

நேற்றுச் சிரித்தவள் இன்று சிரிக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் காகிதத்தை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“உம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க,” என்றாள்.

சான்பாடாவிலிருந்து குர்லா, குர்லாவிலிருந்து சயான், ரயிலில் எத்தனையோ பொய் தயார் செய்து பார்த்தாராம். டாக்டர் மாற்றிச் சொல்லிவிட்டார் என்று சொல்லலாம். புது டாக்டரிடம் கேட்டேன் என்று சொல்லலாம். எல்லாமே நம்பும்படிதான் இருந்தன, முப்பத்தோரு வருஷப் பழக்கம். ஏணி ஏறி மேலே போனதும், அக்கா அந்த ஒற்றை மோலியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததைக் கண்டதும், ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. கீழே உட்கார்ந்து சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னதில் தனக்குப் புரிந்தது இரண்டு சொல்தான் என்றார். தனக்கு ஹிந்தி தெரியாது என்றார்.

“அது எனக்குத் தெரியும்,” என்றாள் அக்கா. “டாக்டர்ட்டயும் புரியாமத்தான் மண்டைய ஆட்டுனீங்கன்னுதான் தெரியாது.”



“நாப்பத்தஞ்சு நாளு,” என்றாள். “எம்புள்ளைக்கு அவ மாமியாரு வளையல் போட்டா. நான் போன்ல பாத்தேன்.”

கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அவர் தாங்க வந்தார். அக்கா அவர் கையை விலக்கிவிட்டு, மீன்தொட்டி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் இரண்டும் நடுங்கின, ஸ்டூல் ஆடி, தொட்டித் தண்ணீர் தளும்பி, அவள் சேலையை நனைத்தது. இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவதுக்கு முழங்கால் மடங்கிவிட்டது. அப்போது அவரைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது, பிடித்தாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் பாய் என் கடைக்கு வந்து இவ்வளவையும் சொன்னார். முதல் நாள்தான் நான் பாசித் தண்ணீர் கதையைச் சஃப்ரீன் சிரித்தது வரைக்கும் டீக்கடையில் எங்கள் சந்துக்காரர்கள் பஞ்சுவிடமும் யாசரிடமும் நடித்துக் காட்டியிருந்தேன். குளத்தில் வாளியோடு குனிவது மாதிரிகூடச் செய்து காட்டினேன். அதை நினைக்கும்போது எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாய் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ‘அன்னைக்கு நீ வந்திருந்தா’ என்று ஆரம்பிக்கவே இல்லை. ஆரம்பித்திருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

இரண்டு நாள் கழித்து, நடைப்பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் அக்காவைக் கூட்டிப்போனோம். நாற்காலியில் உட்காரவைத்து நானும் யாசரும் ஏணியில் இறக்கினோம், டாக்சியில் நானும் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகவே ஏறினேன்.

அந்த அம்மா மராட்டிக்காரி. அக்காவின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு பாயைப் பார்த்துத்தான் பேசினாள், தொப்பியைப் பார்த்ததும் நல்ல வேகமான ஹிந்தியில் பேசினாள். முடித்துவிட்டு, “சமஜ் கயே, சாச்சா?” என்றாள்.

அவர் தலை ஆடத் தொடங்கியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். பாய் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“நஹி,” என்றார். “ஹிந்தி நஹி ஆத்தா.”

அந்த அம்மா அவர் தாடியைப் பார்த்தாள், தொப்பியைப் பார்த்தாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவள் மறுபடி சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. அதுவும் அவருக்குப் புரியவில்லை. முதல் ‘நஹி’யை எப்படியோ சொல்லிவிட்டார். இரண்டாவதைச் சொல்வதற்குள் அவர் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் சொன்னார்.

மூன்றாம் முறை அவள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். சுவரில் இருந்த காலண்டரில் விரல் வைத்து, வாரம் வாரமாக இறக்கிக் காட்டினாள். பாய் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை ஒரு சொல்கூடத் தவறவில்லை. தவறியிருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

சஃப்ரீனுக்கு நாள் குறித்திருந்தது இன்னும் பத்தொன்பது நாளில்.

“என்ன சொல்லுதாவ?” என்று அக்கா கேட்டாள்.

“தொணையில்லாம நடக்க ஆறு வாரம் ஆகுமாம்,” என்றார் இனாயத்துல்லா பாய்.